எப்போதும் நான்தான் கிருஷ்ணன்

எங்கள் கட்டடத்தில் நவராத்திரிக்கு யாருக்கு என்ன வேஷம் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. நான் கறுப்பு, அதனால் கிருஷ்ணன். மூன்றாம் மாடியில் இருந்த என் தோழி நல்ல சிவப்பு, அதனால் ராதை. ஐந்து வயதில் இப்படி ஆரம்பித்தது, பத்து வயது வரை மாறவில்லை. மற்ற கட்டடங்களில் கிருஷ்ணன் வேஷம் கட்டும் குழந்தைகளுக்குத் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துப் பூசுவார்கள். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. பகவானே பூசி அனுப்பிவிட்டார் என்று சொல்லிக் கீழ் வீட்டு மாமி என் கன்னத்தை வழித்து நெற்றியில் சொடுக்கிக்கொள்வாள்.

பம்பாய் மாதுங்காவில், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த மூன்று மாடிக் கட்டடம் அது. நாங்கள் இரண்டாம் மாடி. அப்பா ஃபோர்ட்டில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் கிளார்க். அப்பாவின் நிறம் எனக்கு அப்படியே வந்திருந்தது. அவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை, ஆண்பிள்ளை.

பொய் சொல்லக் கூடாது, கிருஷ்ணனாக நான் சௌக்கியமாகவே இருந்தேன். மயிலிறகுக் கிரீடம், புல்லாங்குழல், வீட்டுக்கு வீடு சுண்டல், எல்லாவற்றுக்கும் மேலாகக் கீழ் வீட்டு மாமி வெள்ளிக் கிண்ணத்தில் கொண்டுவந்து ஊட்டும் வெண்ணெய். பத்து நாளும் நான் தெய்வம். பதினோராம் நாள் அதே மாமிகள் அம்மாவைப் பார்த்து, "இந்த நிறம் ஒரு பையனுக்கு வந்திருக்கப்படாதோ, பொண்ணாப் பொறந்துடுத்தே" என்பார்கள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். கறுப்பாக இருப்பவர்களுக்குக் காது கேட்காது என்று அவர்களுக்கு ஒரு எண்ணம் இருந்திருக்க வேண்டும்.

அம்மா பதில் சொல்ல மாட்டாள். நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்கும் வழக்கமே அவளுக்குக் கிடையாது. ஆனால் குளியலறை ஜன்னல் மாடத்தில் ஒரு தகர டப்பா இருந்தது. அதில் கடலை மாவும் கஸ்தூரி மஞ்சளும் கலந்து வைத்திருப்பாள். தினமும் காலையில் குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் என் முகத்திலும் கழுத்திலும் அதைக் குழைத்துத் தேய்ப்பாள். வெண்கலப் பானைக்குப் புளி போடுவது மாதிரி, அத்தனை அக்கறையாக. பானை பளபளத்தது. நான் மாறவில்லை.

இந்த நிலைமையில்தான் அந்தப் படம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி. ஆங்கிலக் கார்ட்டூன் படம், முழுக்க முழுக்க கலர். கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாரையும் அப்பா மேய்த்துக்கொண்டு போனார். எங்களுக்கு அவ்வளவு ஆங்கிலம் புரியாது என்று அவரே உரக்கத் தமிழில் கதை சொல்லிக்கொண்டு வந்தார். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

கதை இதுதான். ஒரு ராஜகுமாரியை அவளுடைய சித்தப்பா மணிக்கூண்டில் அடைத்துவிடுகிறான். அவளுக்குத் துணை புறாக்களும் குண்டுக் குண்டு எலிகளும். மேலேயிருந்து ஒரு கூடையைக் கயிற்றில் கட்டி அவள் கீழே இறக்குவாள். நல்லவர்கள் யாராவது அதில் ரொட்டி வைப்பார்கள், அவள் பாடிக்கொண்டே கூடையை மேலே இழுப்பாள். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் கூடை இறக்குவது என் வேலை. காய்கறி விற்கும் இந்திக்கார பையா கீழே வந்து குரல் கொடுத்ததும் காலரி என்று நாங்கள் சொல்லும் பால்கனியின் கம்பியில் வயிற்றைப் பதித்துக் கயிற்றை விடுவேன். அவன் வெண்டைக்காயும் கொத்தமல்லியும் போட்டு 'கீச்சோ' என்பான், நான் இழுப்பேன். எங்கள் காலரியிலும் விரட்ட விரட்டப் போகாத புறாக்கள். அவள் வேறு யாரோ அல்ல, நான்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அவளுடைய தலைமயிர் தங்க நிறம் என்பதெல்லாம் என் கண்ணிலேயே படவில்லை.

மற்றவர்கள் கண்ணில் பட்டது வேறு. அந்தப் படத்தில் எல்லாரும் வெள்ளை, எலிகூட வெள்ளை. கறுப்பாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். புகைபோக்கிக்குள் குடியிருக்கும் ஒரு கரிப் பூதம். தடித்த உதடு, உருளும் முழி. அதற்குப் பேச்சுக்கூட வராது, ஊ ஊ என்று கத்தும். அது தலையை நீட்டும்போதெல்லாம் கொட்டகை முழுவதும் சிரித்தது. நானும்தான் சிரித்தேன். இடைவேளையில் விளக்குப் போட்டதும் எங்கள் வரிசை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு அழுகை முட்டியது. அதைவிடக் கோபம். கையில் இருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தை யாருக்கும் கொடுக்காமல் நானே தின்று தீர்த்தேன்.

அந்த நவராத்திரிக்கு இந்தக் கதையையே நாடகமாகப் போடலாம் என்று மூன்றாம் மாடி மாமி முடிவு செய்தாள். என் தோழியின் அம்மா. வருஷா வருஷம் சரஸ்வதி பூஜை சாயங்காலம் மொட்டை மாடியில் நடக்கும் நிகழ்ச்சிக்கு அவள்தான் எல்லாம். வேஷம் பிரிப்பதற்கு அவளுக்கு அரை நிமிஷம் பிடித்தது. தன் பெண் ராஜகுமாரி, நான் பூதம். என்னிடம் அதைச் சொன்னபோது மாமி கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். உனக்கு மேக்கப்பே வேண்டாம் பார் என்று ஏதோ சலுகை மாதிரிச் சொன்னாள்.

முடியாது, நான்தான் ராஜகுமாரி என்றேன். கூடை இறக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே என்று காரணமும் சொன்னேன். மாமி சிரித்தாள். பின்னால் இருந்து என் தோழி சிரிக்காமல் சொன்னாள்:

"எனக்கு ராதையா நின்னு நின்னு இடுப்பே ஒடிஞ்சு போச்சும்மா. நான் பூதம். பூதம்னாதான் குதிக்கலாம்."

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் வெண்ணெய் தின்றுகொண்டிருந்த ஐந்து வருஷமும் அவள் பக்கத்தில் ஒரு பக்கமாக இடுப்பை வளைத்து, ஆடாமல் அசையாமல், நாணத்தோடு நின்றுகொண்டிருந்திருக்கிறாள். ராதைக்கு வெண்ணெய் கிடையாது, குழல் கிடையாது. சிவப்பாக இருந்தால் போதும், வேறு வேலை இல்லை.

மாமி கத்திப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். பூதம் இல்லாவிட்டால் கடவுள் வாழ்த்தும் பாட மாட்டேன் என்று இவள் ஒரே பிடியாக நின்றாள். அந்தக் கடவுள் வாழ்த்துக்காக மாமி வருஷம் முழுக்கப் பாட்டு வாத்தியாரை வீட்டுக்கு வரவழைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் இறங்கி வந்தாள், ஒரு நிபந்தனையோடு. செம்பூரில் இருந்த அவளுடைய தம்பி சபா நாடகங்களுக்கு மேக்கப் போடுகிறவர். அவர் வந்து எனக்கு முத்துவெள்ளை பூசுவார். வெள்ளையாக இருந்தால்தான் ராஜகுமாரி, இல்லாவிட்டால் இல்லை.

அம்மாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. வேஷத்தில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை, பயம்தான். "வேண்டாம்டி, எல்லாரும் சிரிப்பா" என்று மட்டும் சொன்னாள். சொன்னாளே தவிர, பழைய ஜன்னல் திரையைத் துவைத்து மடித்துக்கொண்டு என்னைத் தாராவிக்குக் கூட்டிப் போனாள். எங்கள் பள்ளிச் சீருடைகளைத் தைக்கும் தையல்காரர் அங்கே இருந்தார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒரு ராஜகுமாரி வேஷத்துக்கு கவுன் தைக்க வேண்டும், பாவாடை கூடு மாதிரி விரிந்து நிற்க வேண்டும் என்று அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். யாருக்கு என்று சொல்லவில்லை.

"அப்பம் ராஜகுமாரியக் கூட்டிட்டு வாங்கம்மா, அளவெடுக்கணும்லா" என்றார் அவர்.

நான்தான் என்றேன்.

"பின்ன ஏன் தாயி தள்ளி நிக்க? கையத் தூக்கு."

அவ்வளவுதான். ஆச்சரியமும் படவில்லை, சிரிக்கவும் இல்லை. நாடாவைத் தோளில் வைத்து அளந்துவிட்டு, கூட்டுக்கு உடைந்த பிரம்புக் கூடை இருந்தால் கொண்டுவரச் சொன்னார். திரும்பி நடக்கும்போது நான் வழிநெடுகத் தள்ளி நிற்காமல் நடுத் தெருவில் நடந்தேன். ஒரு சைக்கிள்காரன் திட்டிவிட்டுப் போனான்.

சரஸ்வதி பூஜை வந்தது. புத்தகமெல்லாம் பூஜையில், படிக்கக் கூடாது, சொர்க்கம். மாமியின் தம்பி குர்லாவில் ரயில் மாறி, ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி இருந்த மூலையில் புடவையைக் கட்டி மறைத்து என்னை உட்கார வைத்து முகம் முழுக்க முத்துவெள்ளை அப்பினார். பக்கத்திலேயே என் தோழிக்கு அடுப்புக்கரியை நல்லெண்ணெயில் குழைத்துப் பூசினார். அவள் நாக்கை நீட்டி நாக்கிலும் பூசச் சொன்னாள். வேலை முடிந்ததும் அவர் காப்பி சாப்பிடக் கீழே போனார்.

நான் கண்ணாடியைப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த சுவருக்குக் கண் வைத்த மாதிரி இருந்தது. கழுத்துக்குக் கீழே நான், கழுத்துக்கு மேலே வேறு யாரோ. கை இரண்டும் என் கை. தலையில் மாட்டச் சணலில் செய்த தங்க மயிர் வேறு தயாராக இருந்தது.

"நீ பூதத்தோட பெரியம்மா மாதிரி இருக்கேடி" என்றாள் என் தோழி. நான் சிரித்தேன். சிரித்ததும் கன்னத்தில் வெள்ளை வெடித்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த முகத்தோடு போய் நின்றால், ராஜகுமாரியாக வந்தது நான் என்று யாருக்குமே தெரியப்போவதில்லை. இவ்வளவு சண்டை போட்டதும் எதற்கு? அந்தச் சுவர் ராஜகுமாரியாவதற்கா? எனக்கு ராஜகுமாரி வேஷம் வேண்டும் என்பதில்லை. என்னை, இதோ இந்த முகத்தை, எல்லாரும் ராஜகுமாரியாகப் பார்க்க வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

தண்ணீர் போட்டால் முத்துவெள்ளை போகாது, பிசுபிசுக்கும். என் தோழி கிடுகிடுவென்று மாடி இறங்கி ஓடித் தேங்காய் எண்ணெய் பாட்டிலும் ஒரு வேட்டிக் கிழிசலும் கொண்டுவந்தாள். அவளும் நானுமாகத் துடைத்தோம். அவள் கையிலிருந்த கரி என் மேலும் என் முகத்து வெள்ளை அவள் மேலும் ஒட்டி, இரண்டு பேரும் ஒரு வழி ஆனோம். கடைசியில் என் முகம் என் முகமாகவே வந்தது, எண்ணெயில் மின்னிக்கொண்டு. சணல் மயிரை மாட்டவே இல்லை. அம்மா பின்னிவிட்ட என் பின்னலே இருந்தது. அதன் மேல் கிரீடத்தை வைத்துக்கொண்டேன்.

கிரீடத்தில்தான் வினை. அது ஐந்து வருஷமும் நான் கிருஷ்ணனாக வைத்துக்கொண்ட அதே கிரீடம். மயிலிறகைப் பிடுங்கிவிட்டுப் புது ஜிகினாக் காகிதம் ஒட்டியிருந்தார்கள்.

மணிக்கூண்டு என்பது மேஜை மேல் போட்ட மேஜை, அதைச் சுற்றிப் படுக்கை விரிப்பு. திரை விலகியது. மேலே நான் நிற்கிறேன், கையில் கூடை. கறுத்து மின்னும் முகம், தலையில் அந்தக் கிரீடம். முதல் வரிசையில் கீழ் வீட்டு மாமிக்கு அது போதும். "வந்துட்டான் பாருங்கோ" என்று கை கூப்பிக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் கிருஷ்ணன் மேல் ஒரு பாட்டையும் எடுத்துவிட்டாள். வருஷா வருஷம் பாடுகிற பாட்டு, எல்லாருக்கும் தெரியும். மொட்டை மாடி முழுவதும் சேர்ந்துகொண்டது. யாரோ தாளம் வேறு போட்டார்கள்.

நான் என்ன செய்வது? நாடகத்தில் இருந்தபடி கூடையை இறக்கினேன். ரொட்டி வைக்க வேண்டிய பையன் வாயைப் பிளந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். கூடையை இழுத்தால் கனத்தது. உள்ளே வெள்ளிக் கிண்ணம், நிறைய வெண்ணெய். கீழ் வீட்டு மாமி வழக்கப்படி கொண்டுவந்ததை அதில் வைத்துவிட்டிருந்தாள்.

எனக்கு வெண்ணெய் உயிர். அதை எடுத்து ஒரு வாய் போட்டுக்கொண்டிருந்தால் எல்லாருக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். கன்னத்தை வழித்திருப்பார்கள். ஆறாவது வருஷமும் நான் கிருஷ்ணனாக இருந்துவிட்டு இறங்கி வந்திருக்கலாம். கிண்ணத்தைக் கூடையிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

"மாமி, நான் கிருஷ்ணன் இல்லை. ராஜகுமாரி."

பாட்டு ஒரே சமயத்தில் நிற்கவில்லை, அங்கங்கே நின்றது. ஆண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். கீழ் வீட்டு மாமி நின்றபடியே பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து, உண்மையாகவே புரியாமல் கேட்டாள்:

"ராஜகுமாரி எங்கேயாவது கறுப்பா இருப்பாளோ?"

இப்போது நிறையப் பேர் சிரித்தார்கள். மூன்றாம் மாடி மாமி திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னை இறங்கி வரும்படி கையைக் காட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூடையைப் பிடித்த பிடியை மட்டும் விடவில்லை.

கடைசி வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பெண்ணைப் பார்த்து எல்லாரும் சிரிக்கப்போகிறார்கள், அதைக் கிட்டத்திலிருந்து பார்க்க வேண்டாம் என்றுதான் அவ்வளவு தள்ளிப் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்தாள். நாலு பேர் நடுவில் பேசாத அம்மாவின் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்கு அதுவரை தெரியாது.

"ஏன் இருக்கமாட்டா? இதோ இருக்காளே. என் பொண்ணுதான் ராஜகுமாரி. நீங்க உட்காருங்கோ மாமி, மறைக்கறது."

மாமி உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கப்புறம் நாடகம் நடந்தது. நன்றாக நடந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் புகைபோக்கியிலிருந்து பூதம் குதித்த பிறகு என்னை யார் பார்த்தார்கள்? என் தோழி ஐந்து வருஷம் நின்ற நிற்புக்கெல்லாம் சேர்த்துக் குதித்தாள். உருண்டாள், எலிகளைத் துரத்தினாள், என் கூடையிலிருந்த வெண்ணெயை எடுத்துக் கரிக் கையோடு மேடையிலேயே தின்றாள். ராதைக்கு ஒருவழியாக வெண்ணெய் கிடைத்தது. பூதத்துக்குப் பேச்சு வராது என்று மாமி நூறு தடவை சொல்லிக்கொடுத்ததையும் அவள் காதில் வாங்கவில்லை, வாய் ஓயாமல் பேசினாள். கடைசியில் எல்லாரும் கைகோத்து ஆடும்போது பூதம் புகைபோக்கிக்குள் திரும்பிப் போக வேண்டும். அவள் போகவில்லை. வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினாள். என் திரைச்சீலை கவுன் முழுக்கக் கரி.

பல வருஷம் கழித்து, நாங்கள் வாஷிக்குக் குடிபோன பிறகு, என் மகளுக்காக அந்தப் படத்தின் காசெட்டை வாடகைக்கு எடுத்தேன். கடைசி நடனத்தில் புறா இருக்கிறது, எலி இருக்கிறது, பூதம் மட்டும் இல்லை. அது புகைபோக்கிக்குள் போய்விடுகிறது, யாரும் கூப்பிடுவதுகூட இல்லை. சின்ன வயதில் எனக்கு அது உறைக்கவேயில்லை, ராஜகுமாரியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் தோழி அதைப் பார்த்திருக்கிறாள். இப்போது இதற்கெல்லாம் பெரிய பெரிய வார்த்தைகள் வந்துவிட்டன, கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். பேசட்டும், பேச வேண்டியதுதான். நாங்கள் அன்றைக்கு ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெயை வைத்துச் சமாளித்தோம்.

மறுநாள் விஜயதசமி. காலையில் குளிக்கப் போனபோது முகத்தை நீட்டிக்கொண்டு நின்றேன், பழக்கம். அம்மா ஜன்னல் மாடத்திலிருந்து அந்தத் தகர டப்பாவை எடுத்தாள். திறந்து பார்த்தாள். மூடி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நீயே குளித்துவிட்டு வா என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

சாயங்காலம் வாழைக்காய் பஜ்ஜி. கடலை மாவில் கஸ்தூரி மஞ்சள் வாசனை தூக்கலாக அடித்தது. அப்பா முகர்ந்து பார்த்துவிட்டு இது என்ன வாசனை என்று கேட்டார். அம்மா என் தட்டில் இன்னும் இரண்டு போட்டாள், ஆறுவதற்குள் சாப்பிடச் சொன்னாள். அந்த டப்பாவில் பிறகு கடுகு இருந்தது.